கையெழுத்து வெச்சாச்சு, புள்ளைகள் எப்ப போறது?



போன வருஷம் ஒரு படம் நம்ம ஊர் வட்ஸ்அப் குறூப்புகள் எல்லாத்திலயும் சுற்றியது ஞாபகமிருக்கும். நீளமான மேசை, இரண்டு நாட்டுக் கொடி, நடுவில் பூச்சாடி, இரண்டு பேர் நீலக் கோப்பில் கையெழுத்து வைக்கிறார்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். மாணவர் பரிமாற்றம், ஆசிரியர் பயிற்சி, கூட்டு ஆய்வு என்று கீழே எழுதியிருந்தது. நானும் "மாஷா அல்லாஹ்" போட்டுவிட்டு நாலு குறூப்புக்கு அனுப்பினேன். அனுப்பியவன் என்ற முறையில்தான் இன்று இதை எழுதுகிறேன்.

என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஓர் அரச பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வாப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அந்தப் பிள்ளை இப்படியான ஒரு திட்டத்தில் விண்ணப்பித்து, நேர்முகத்தில் தெரிவாகி, போலந்தில் ஒரு அரையாண்டு படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் சந்தோசம், தெருவில் சந்தோசம். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "சேர், நான் போகல்ல. அங்க படிக்கிற பாடத்த இஞ்ச கணக்கெடுப்பாங்களா எண்டு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல்ல. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் காசு பெரட்டுறதுக்குள்ள திகதியும் போயிட்டு."

அந்த மெசேஜுக்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் இந்தத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கலியாணத்துக்கு முந்திய பேச்சுவார்த்தை மாதிரி. அதில் கையெழுத்து வைத்ததால் ஒரு பிள்ளையும் விமானம் ஏறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எராஸ்மஸ் 1987இல் 11 நாடுகளுக்கிடையில் 3,244 மாணவர்களோடு தொடங்கியது. இன்றைக்கு இலங்கை உட்பட ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளின் மாணவர்களுக்கும் அதில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கிடையில் தனியான ஓர் ஒப்பந்தம் வேண்டும்: எந்தத் துறை, எத்தனை மாணவர், எத்தனை விரிவுரையாளர், எத்தனை மாதம் என்று எழுதிய ஒப்பந்தம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தன் நாட்டில் விண்ணப்பித்து அதற்கான நிதியையும் பெற வேண்டும். ஆகவே இனி இப்படியான படத்தைக் கண்டால் "மாஷா அல்லாஹ்" போட்ட கையோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: எந்தத் துறையில் எத்தனை பேர், எப்ப போறாங்க?

தெரிவான பிள்ளைக்குக் கிடைப்பது சின்ன விஷயமல்ல. போகும் பல்கலைக்கழகத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை வாழ்க்கைச் செலவுக்குத் தருகிறார்கள், தூரத்தைப் பார்த்துப் பயணக் காசும் உண்டு. பிள்ளை நம்ம பல்கலைக்கழகத்து மாணவியாகவே இருக்கிறாள், போய் வந்து இங்கேதான் பட்டம் எடுக்கிறாள். "வெளிநாடு போனவன் திரும்பி வாறானா" என்று பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பேச்சு இருக்கிறதே, 2022 நெருக்கடிக்குப் பிறகு நம் விரிவுரையாளர்களே எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தால் அந்தப் பயம் பொய்யுமல்ல. ஆனால் அது வேறு வகைப் பயணம். இதில் திரும்பி வந்தால்தான் பட்டம்.

பிறகு ஏன் அந்தப் பிள்ளை போகவில்லை? பாடத்தைக் கணக்கெடுக்கும் விஷயம் முதல் முடிச்சு. நமது தகைமைச் சட்டகத்தின்படி ஒரு வருடப் படிப்பு 30 கிரெடிட், ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றல். ஐரோப்பாவில் வருடத்துக்கு 60 கிரெடிட், ஒன்று 25 முதல் 30 மணித்தியாலம். இரண்டு பக்கமும் வருடத்துக்கு 1,500 மணித்தியாலம் அல்லது கொஞ்சம் கூட. அவர்களுடைய இரண்டு நம்முடைய ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். புறப்படும் முன்பே மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திடும் கற்றல் உடன்படிக்கை ஒன்று உண்டு. அங்கே எந்தப் பாடம், அது இங்கே எந்தப் பாடத்துக்குப் பதில் என்று அதில் எழுத வேண்டும். அந்தக் கடதாசியில் ஒரு கையெழுத்து விழுந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வருடம் பின்தங்கி அடுத்த பேட்ச்சோடு உட்கார வேண்டிவருமோ என்று பயந்திருக்கமாட்டாள். யாருடைய மேசையில் அது கிடந்தது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். ஒரு மனிதரின் சோம்பல் என்றும் நான் நினைக்கவில்லை. முன்னால் யாரும் போகாத துறையில், முதல் கையெழுத்தை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. இதை ஒரு பீட சபை தீர்மானமாக எழுதிவைத்தால் தனிமனிதத் துணிவு தேவைப்படாது.

இரண்டாவது முடிச்சு காசு. உதவித்தொகை முழுக்க இருக்கும்போது என்ன காசுப் பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காசு பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். விசாக் கட்டணம், காப்புறுதி, கொழும்புக்கு நாலு தரம் பஸ், ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு, பல நேரம் டிக்கெட்டும் முதலில் வீட்டுக் காசில். சில நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகமே இல்லை, டில்லியில் உள்ள தூதரகம்தான் இலங்கையையும் பார்க்கிறது. ஆட்டோ ஓட்டுகிற வாப்பாவுக்கு இது எட்டுமா? உம்மாவின் நகையை அடகு வைக்கப் போனார்கள். அது ஏற்கனவே ராத்தாவின் கலியாணத்துக்கு அடகிலிருந்தது.

இங்கேதான் ஊராக நாம் வெட்கப்பட வேண்டும். இது தர்மம் கேட்கும் விஷயமல்ல, ஆறு மாதத்தில் திருப்பித் தரக்கூடிய கடன். கர்ளன் ஹஸனா என்று நாம் குத்பாவில் கேட்பது இதைத்தானே. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி, இந்தக் கரையோரத்துப் பிள்ளைகளின் வறுமையைக் கண்ணால் பார்த்து அதே வருடம் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து 1945இல் அது நாடு தழுவிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக வளர்ந்தது. அந்த யோசனை முளைத்தது நம்ம மண்ணில். எண்பது வருடம் கழித்து அதே மண்ணில் ஒரு டிக்கெட் காசுக்குப் பிள்ளை நிற்கிறாள்.

மூன்றாவது விஷயத்தை எழுதினால் சிலர் கோபப்படுவீர்கள். "பொம்புளப் புள்ளைய தனிய எப்படி அனுப்புற?" ஃபத்வா சொல்ல நான் ஆலிமல்ல. ஆலிம்களிடமே கேளுங்கள், ஆனால் முழு விபரத்தோடு கேளுங்கள்: எத்தனை மாதம், எந்த விடுதி, பெண்களுக்குத் தனி மாடி இருக்கிறதா, அதே திட்டத்தில் இன்னும் யார் போகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். நம்ம ஊரிலிருந்து எத்தனை தாய்மார் கைக்குழந்தையை விட்டுவிட்டு குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அப்போது பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தோம், எயார்போட்டில் இறக்கிவிட்டு வந்தோம். வறுமைக்குப் போகும்போது வாயில் வராத கேள்வி, படிக்கப் போகும்போது மட்டும் ஏன் வருகிறது? ஹிஜாபைப் பற்றியும் அரைகுறைத் தகவல்தான் பரவுகிறது. பிரான்ஸின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரச பாடசாலைகளுக்கானது, பல்கலைக்கழகங்களுக்கு அது பொருந்தாது. ஹலால் சாப்பாடு கஷ்டம்தான், மீனும் மரக்கறியும் சமைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பெரிய கஷ்டமில்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறேன், இது என் சொந்தத் தொழில். இந்த ஒப்பந்தங்களில் விரிவுரையாளர்கள் போவது மாணவர்கள் போவதை விட இலேசு. எராஸ்மஸில் கற்பிக்கப் போகிறவருக்கு ஐந்து நாள் போதும், ஒரு கிழமையில் எட்டு மணித்தியாலம் வகுப்பெடுத்தால் சரி. போய்வாறதில் எனக்குப் பொறாமையில்லை. வந்த பிறகு அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியிலோ, ஒரு வலயத்தின் ஆசிரியர் நிலையத்திலோ ஒரு சனிக்கிழமைக் காலை உட்கார்ந்து, அங்கே விஞ்ஞானம் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னால் என்ன? ஒப்பந்தத்தில் அதையும் ஒரு வரி எழுதலாம்.

பாடசாலை ஆசிரியர்களுக்கும் வழி இருக்கிறது, தெரியாமல் கிடக்கிறோம். ஜப்பான் அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசில் கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகத்தினூடாக வருகிறது. ஐந்து வருடம் கற்பித்த, 35 வயதுக்குட்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிற்சி. எனக்கு இது தெரியவந்தபோது வயது 41. இளம் டீச்சர்மார், சேர்மார் இதை வாசித்தால் உங்கள் பிறந்த திகதியை ஒருக்கா பாருங்கள்.

கூட்டு ஆய்வென்று சொல்கிறார்களே, அதற்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமானது. அதே ஊரில் டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் இருக்கிறது. வாயில் மணல் மூடிக் கிடக்கிறது, வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்கிறது. தென்னந்தோப்பு போய்விட்டது, வாடி போய்விட்டது, மீனவர்கள் தோணி இழுத்து வைக்க இடமில்லை. கடலோர மணல் நகர்வைப் பற்றி உலகத்தில் அதிகம் தெரிந்தவர்கள் டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் இருக்கிறார்கள். எங்கள் பொறியியல் பீடப் பிள்ளைகள் அங்கே போய் அளக்கக் கற்கட்டும், அவர்களின் பிள்ளைகள் இங்கே வந்து நிந்தவூர்க் கரையில் எங்கள் மீனவர்களோடு அளக்கட்டும். எங்களுக்கு வேண்டிய கேள்வியை நாங்களே எழுதாவிட்டால், அவர்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நாங்கள் தரவு சேகரித்துக் கொடுக்கும் ஆட்களாகத்தான் இருப்போம்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "சர்வதேசப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த" என்ற பதாகை இப்போது கடைத்தெருவிலும் தொங்குகிறது. அது பரிமாற்றமல்ல, வியாபாரம். எல்லாம் மோசடி என்று சொல்லவரவில்லை. காசு கட்டும் முன் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். உண்மையான பரிமாற்றத்தில் பிள்ளையிடம் யாரும் இலட்சக்கணக்கில் கேட்பதில்லை. பட்டம் முடித்தவர்களுக்கு எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணி இருக்கிறது: இரண்டு மூன்று நாட்டில் படிப்பு, புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. பாடநெறியின் இணையத்தளத்தில் பிள்ளையே நேரடியாக விண்ணப்பிக்கலாம், நடுவில் ஏஜெண்டுக்கு ஒரு வேலையும் இல்லை. பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் திறக்கும்.

நானும் இரண்டு சகோதர ஆசிரியர்களும் பேசி, எங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டு அந்தக் கடன் நிதியைத் தொடங்கியிருக்கிறோம். தொகை சின்னது, ஒரு விசாக் கட்டணத்துக்குத்தான் இப்போதைக்குக் காணும். பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் பேசியிருக்கிறோம், கணக்கை அவர்கள் பார்ப்பார்கள். வாற ஞாயிறு அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் இருப்போம். கெம்பஸில் படிக்கும் பிள்ளைகள் வரட்டும், வாப்பா உம்மாவும் வரட்டும். அந்தப் பிள்ளையும் வருகிறாள். எந்தெந்தக் கடதாசி, எந்தத் திகதிக்கு முன், யாரிடம் கையெழுத்து என்று அவள் கைப்பட ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த சுற்றுக்குத் திரும்பவும் போடப்போகிறாளாம்.