ஒப்புதல் யாருடைய மொழியில்?

கணினி, எண், அட்டை என்று அரசு எதைக் கொண்டுவந்தாலும் அந்தரங்கம் பறிபோயிற்று என்று முழங்குவது நம் இலக்கிய அன்பர்கள் சிலரின் வழக்கம். நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை மருத்துவமனைகள் மின்வடிவில் பகிர்ந்துகொள்ளும் திட்டத்திற்கும் அதே முழக்கம்தான். நாம் அதில் சேர மறுக்கிறோம். எதிரணியில் நின்று கைதட்டுவோருடனும் சேர இயலவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்கும் மூதாட்டியின் மஞ்சள் பையைத் திறந்து பாருங்கள். மடிப்பில் கிழிந்த ஓ.பி. சீட்டு, எழுத்து மங்கிய ஈ.சி.ஜி. தாள், மாத்திரை தீர்ந்த வெற்று அட்டை. பென்சிலின் அவருக்கு ஒவ்வாது என்று முன்பொரு மருத்துவர் எழுதிய நோட்டு வீட்டுப் பரணில் கிடக்கிறது. மருத்துவர் மாறினால் கதை முதலிலிருந்து தொடங்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் "சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்பார். வெள்ளை மாத்திரைகள்தாம் எத்தனை! ஓரிடத்தில் எழுதப்பட்டது அடுத்த இடத்தில் படிக்கப்பட வேண்டும் என்பது ஆடம்பரம் அன்று. அதை அந்தரங்கத்தின் பெயரால் மறுப்பது, குடும்ப மருத்துவரை வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களின் வாதம்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் சொல்வதென்ன? ஆளுக்கொரு 14 இலக்க ஆபா எண். குறிப்புகள் எழுதப்பட்ட இடத்திலேயே இருக்கும். நோயாளி ஒப்பினால் மட்டுமே வேறு மருத்துவருக்குச் செல்லும். சேர்வது அவரவர் விருப்பம். காகிதத்தில் குறை காண்பது கடினம். ஆனால் அதே 2021இல் ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலரின் சான்றிதழில், அவர்கள் கேளாமலேயே சுகாதார எண் ஒன்று அச்சாகி வந்ததே! விருப்பம் என்ற சொல்லுக்கு இது புதிய உரை போலும்.

அண்மையில் ஒரு மருத்துவமனையின் முகப்பில் நாம் கண்ட காட்சி இது. "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றார் பணியாளர். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான்கு நொடிகளில் ஒப்புதல் முடிந்தது. அலைபேசியோ கணவர் கையில் இருந்தது. நாளை அவள் மனநல மருத்துவரைப் பார்த்தாலோ, கருவைக் கலைத்தாலோ அந்தக் குறிப்பு முதலில் யார் கண்ணில் படும்? அந்தரங்கம் பேசுவோர் அரசை மட்டுமே பார்க்கிறார்கள், வீட்டுக்குள் பார்ப்பதில்லை.

சட்டத்தின் நிலையும் செம்மையாக இல்லை. 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதா உடல்நலத் தகவலைத் தனிக்கவனத்துக்குரிய வகையாக வைத்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பாகுபாடே இல்லை. நோயும் மளிகைப் பட்டியலும் ஒன்றாயின. எனினும் அச்சட்டத்தில் நாம் பற்றிக்கொள்ள ஓரிடம் உண்டு. ஒப்புதல் கோரும் அறிவிப்பை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் பெற வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாதத் தவணை.

அந்தத் தவணைக்குள் தமிழ்ப் படிவம் வந்துவிடும். எப்படிப்பட்ட தமிழில் என்பதே நம் கவலை. கலைச்சொல் கருத்தரங்குகளில் நாம் உருட்டி விளையாடும் தமிழில் அது வந்தால், ஆங்கிலமே மேல். எந்தக் குறிப்பு, எந்த மருத்துவருக்கு, எத்தனை நாளுக்கு, வேண்டாமென்றால் என்ன செய்வது: இந்நான்கையும் வரிசையில் நிற்கும் அம்மூதாட்டிக்குப் பணியாளர் வாய்விட்டுப் படித்துக்காட்டினால் விளங்க வேண்டும். தமிழ்த் துறைகள் இதை எழுதித் தரலாம். இதுவரை யாரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் போய்க் கேட்கவில்லை.