10 வெள்ளி வரம்பு வீட்டுக்கும் வேண்டும்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மாணவர் குழுக்களில் பரிசுப் பரிமாற்றப் பேச்சு தொடங்கிவிடும். வகுப்புத் தோழர்கள், இணைப்பாட நடவடிக்கைக் குழுவினர், பல்கலைக்கழக விடுதியில் ஒரே மாடியில் தங்கியிருப்போர் என்று எந்தக் குழுவாக இருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் யாருக்குப் பரிசு வாங்குவது என்பது ரகசியமாக முடிவாகும். அத்துடன் வாட்ஸ்அப்பில் ஒரு விதியும் வந்துவிடும்: “10 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது.” சில குழுக்களில் 15 வெள்ளி.

இந்த விதியை எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாமே வைத்துக்கொண்டோம். குழுவில் யாரோ ஒருவருக்கு 30 வெள்ளி என்பது இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசாக இருக்கலாம். அவர் யார் என்று நாம் கேட்பதில்லை. “என்னால் முடியாது” என்று அவர் வாய்திறந்து சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரம்பு வைக்கிறோம். நல்ல வழக்கம் இது.

நண்பர்களிடம் இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்ளும் இளையர்கள் பலர், வீட்டில் பரிசு கேட்கும்போது மட்டும் தொகையைப் பற்றிப் பேசுவதில்லை. பொருளின் பெயரைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள், இணைய இணைப்பையும் அனுப்பிவைப்பார்கள். பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பரிசுக்குப் பெற்றோர் எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. அதைப் பெற்றோரிடம் மட்டுமே கேட்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியிலும் அதற்கு மேலும் படிக்கும் நாம்தான் அதற்கு முதலில் பதில் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

டிசம்பரில் வாங்கி, பிப்ரவரிவரை கட்டுவது

சிங்கப்பூரில் ஆண்டிறுதி என்றாலே கை தானாகப் பணப்பைக்குப் போகும். ஆர்ச்சர்ட் சாலையில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய கிறிஸ்துமஸ் ஒளியூட்டு இன்றும் தொடர்கிறது. நவம்பரிலேயே விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள், இணைய வணிகத் தளங்களின் 11.11, 12.12 தள்ளுபடி நாள்கள் எல்லாம் அடுத்தடுத்து வரும். அதனால் தேவாலயத்துக்குச் செல்லும் குடும்பங்களில் மட்டுமல்லாமல், தீபாவளிச் செலவை அப்போதுதான் முடித்த பல வீடுகளிலும் டிசம்பர் பரிசு வழக்கமாகிவிட்டது.

இந்தச் செலவுக்குப் பலர் ஆண்டிறுதிப் போனசை நம்புகிறார்கள். 13வது மாதச் சம்பளம் என்று நாம் சொல்லும் தொகையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அது உறுதி. சொந்தமாக டாக்சி ஓட்டுபவருக்கும் உணவு விநியோகம் செய்பவருக்கும் அப்படியொரு மாதம் வருவதே இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகளும் போனஸ் வாங்குவோரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். ஒரே விளம்பரங்களைத்தான் பார்க்கிறார்கள்.

கையில் இருப்பதற்கும் பிள்ளை கேட்பதற்கும் உள்ள இடைவெளியை நிரப்ப, ‘இப்போது வாங்கி, பிறகு கட்டும்’ தவணை முறை வந்துவிட்டது. 360 வெள்ளிப் பொருளை மூன்று மாதத் தவணையாகப் பிரித்தால் மாதத்திற்கு 120 வெள்ளி. முதல் தவணை வாங்கும்போதே, டிசம்பரில். அடுத்தது ஜனவரியில். கடைசித் தவணை பிப்ரவரியில். பெரும்பாலும் வட்டி இல்லை என்பதால் இது கடன் என்ற எண்ணமே வருவதில்லை. தவணை தவறினால் தாமதக் கட்டணம் சேரும். ஜனவரியில்தான் பாடநூல், சீருடை, காலணி, துணைப்பாட வகுப்புக் கட்டணம் எல்லாம் வரிசையில் நிற்கும் என்பதை நாம் அறிவோம்.

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டுதலோடு 2022 அக்டோபரில் இத்துறைக்கு நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, ஒரு நிறுவனத்திடம் ஒருவர் வைத்திருக்கும் பாக்கி 2,000 வெள்ளியைத் தாண்டவேண்டுமானால், திருப்பிக் கட்டும் திறன் அவருக்கு இருக்கிறதா என்று கூடுதலாகச் சோதிக்கவேண்டும். சம்பாதிக்கும் பெரியவர்களுக்கே ஒரு கோடு போடவேண்டியிருக்கிறது. சின்னச் சின்னத் தவணைகள் அவ்வளவு எளிதில் சேர்ந்துவிடுகின்றன.

வாய்திறந்து சொல்ல முடியாதவர்

சென்ற டிசம்பரில் ஒரு கடைத்தொகுதியில் பரிசுப் பொருள்களுக்கு வண்ணத்தாள் சுற்றித் தரும் பகுதிநேர வேலை பார்த்தேன். “விலைச்சீட்டை எடுத்துடுங்க” என்பதுதான் பெற்றோர் பலர் முதலில் சொல்வது. பிள்ளைக்கு விலை தெரியக்கூடாது என்று நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளை அனுப்பிய படத்தையும் இணைப்பையும் பார்த்துத்தான் அந்தப் பொருளையே வாங்கியிருப்பார்கள்!

கடை மூடும் நேரத்தில் ஒருநாள், வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஒருவர் வந்தார். கையில் ஒரு ஹெட்ஃபோன் பெட்டி. மகன் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் திறந்து, பெட்டியில் உள்ள மாடல் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: “ஏம்மா, இது பழைய மாடல் இல்லையே? வேற கேட்டான்னா மாத்திக் கொடுப்பாங்களா?” ரசீது இருந்தால் மாற்றலாம் என்றேன். “முகம் சுருங்கிடுச்சுன்னா எனக்குத் தாங்காது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த மகனை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஹெட்ஃபோனுக்காக அப்பா எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை செய்தார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் வீடுகளில், கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதை ஒரு கடமையாகவே பெற்றோர் வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் குழுவில் “என்னால் முடியாது” என்று சொல்லத் தயங்கும் அந்த ஒருவருக்காக வரம்பு வைக்கிறோம் அல்லவா? வீட்டில் அந்த ஒருவர், பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான்.

பொருளியல் சொல்லும் ஒரு கணக்கு

பொருளியல் படிப்பவர்கள் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். கிறிஸ்துமஸ் பரிசுகளால் ஏற்படும் இழப்பைப் பற்றி 1993ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பிரபலமானது. அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களிடம், கிடைத்த பரிசுகளின் விலை எவ்வளவு இருக்கும், அவை தங்களுக்கு எவ்வளவு பெறும் என்று அவர் கேட்டார். பரிசு தந்தவர்மீது உள்ள பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லச் சொன்னார். பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மதிப்பு வீணாவதாக அவர் மதிப்பிட்டார். அதாவது, 300 வெள்ளிப் பரிசு வாங்கியவரின் கணக்கில் 200 முதல் 270 வெள்ளிதான் பெறும்.

பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பரிசை அளக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. தாத்தா பாட்டி, மாமா அத்தை போன்றோர் வாங்கித் தந்த பொருள்களில் இழப்பு அதிகமாகவும், நண்பர்கள் தந்தவற்றில் குறைவாகவும் இருந்தன. நம் அன்றாட வாழ்க்கையை அருகிலிருந்து பார்ப்பவர் குறைந்த செலவிலும் பொருத்தமான பரிசைத் தந்துவிடுகிறார். நமக்கு என்ன வேண்டும், எது போதும் என்று வீட்டில் பேசினாலே பாதிச் செலவு குறையும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

‘காசு கணக்கு பார்க்கலாமா?’

இதற்கு மறுப்பும் வரும். “எங்களுக்குச் சின்ன வயதில் கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்” என்பார்கள் பெற்றோர். என் அம்மாவின் சிறுவயதில் கிறிஸ்துமஸ் என்றால் ஒரு புதுத்துணி, வீட்டில் சுட்ட முறுக்கு, கல்கல், நள்ளிரவு ஆராதனை. அவ்வளவுதான். அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. என்றாலும், பிள்ளைக்கு வாங்கித் தருவதில் பெற்றோர் அடையும் மகிழ்ச்சி உண்மையானது. அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அந்த அளவைச் சொல்லும் சங்கடத்தைத்தான் அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“எங்களுக்கு வசதி இருக்கிறது, ஏன் குறைக்கவேண்டும்?” என்று கேட்பவர்களும் உண்டு. வசதி இருப்பவர் செலவிடுவது அவர் உரிமை. எல்லா வீடுகளுக்கும் ஒரே தொகையை யாரும் விதிக்க முடியாது. 10 வெள்ளி என்பது நண்பர்களுக்கான கணக்கு. ஒரு வீட்டில் அது 30 ஆகலாம், மற்றொன்றில் 100 ஆகலாம். ஆனால் ஜனவரியில் பள்ளி திறந்ததும் “உனக்கு என்ன கிடைத்தது?” என்ற கேள்வி வகுப்பைச் சுற்றி வரும். அதற்குப் பதில் சொல்லக் கூசும் ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கலாம்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

முதலில், பொருளுக்கு முன் தொகையைச் சொல்லுங்கள். “இந்த வருஷம் எனக்கு 40 வெள்ளிக்குள் ஏதாவது போதும்ப்பா” என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. அப்பா மறுத்து, “அதெல்லாம் நீ கவலைப்படாதே” என்பார். பரவாயில்லை. அவர் கூடுதலாகச் செலவிட்டாலும், கட்டாயம் என்று நினைத்துச் செலவிட மாட்டார்.

இரண்டாவது, தேவையையும் பரிசையும் கலக்க வேண்டாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரப்போகும் மாணவருக்கு மடிக்கணினி தேவை. அதைப் படிப்புச் செலவாகக் கருதி, குடும்பமாக உட்கார்ந்து திட்டமிட்டு, விலை ஒப்பிட்டு வாங்கவேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கற்றல் சாதனம் வாங்க எடுசேவ் கணக்கில் உள்ள பணத்தைப் பயன்படுத்த வழியிருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய செலவைக் கிறிஸ்துமஸ் மரத்தின்கீழ் வைத்து, 25ஆம் தேதிக்குள் வாங்கியாக வேண்டும் என்று அவசரப்படுத்தும்போதுதான் தவணை நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது, தம்பி தங்கைகளுக்காக நாம் பேசவேண்டும். ஏழு வயதுப் பிள்ளையால் தொகை சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் தாத்தா எதையும் தருவார் என்று அது நம்புகிறது. ஒரு வீட்டில் விலை உயர்ந்த விளையாட்டுச் சாதனமும் இன்னொரு வீட்டில் வண்ணப் பென்சிலும் அதே தாத்தா கொண்டுவந்தால், இரண்டாவது பிள்ளை என்ன நினைக்கும்? பெரிய பரிசு அப்பா, அம்மா பெயரில் வரட்டும். தாத்தா பெயரில் சிறிய பரிசு போதும் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல அண்ணன், அக்காவால்தான் முடியும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதைக்கு மூலமாக இருப்பவர், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரில் ஆயராக இருந்த புனித நிக்கோலஸ். மகள்கள் மூவருக்கும் சீதனம் கொடுக்க வழியின்றித் தவித்த ஒரு தந்தையின் வீட்டில், யாரும் அறியாமல் அவர் பொன் முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது பாரம்பரியக் கதை. ஒரு தகப்பனின் பணக்கவலையைத் தீர்க்கத் தரப்பட்ட பரிசு அது. அவர் பெயரால் நாம் பரிசு தரும் நாளில், நம் வீட்டுத் தகப்பனுக்குப் புதிய பணக்கவலை வரலாமா?

டிசம்பர் 25க்கு இன்னும் நாள்கள் இருக்கின்றன. பட்டியலை அனுப்புவதற்கு முன், இன்று இரவுச் சாப்பாட்டின்போது தொகையைப் பேசிவிடுங்கள்.