இரண்டாவது குண்டுக்காக பம்ப் ரைஃபிள் வாங்காதீர்கள்

நவம்பர் கடைசியில் பென்சில்வேனியாவில் பாதி ஊர் ஆரஞ்சு கலருக்கு மாறிவிடும். தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை மான் வேட்டைக்கான ரைஃபிள் சீசன் தொடங்கும். 2019க்கு முன்பு திங்கட்கிழமை தொடங்குமாம், அன்றைக்கு நிறைய பள்ளிக்கூடங்களில் லீவே விடுவார்களாம். படிக்க வந்த இடத்தில் உனக்கு எதற்குடா இந்த வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரே பதில்: கறி. போன வருடம் பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்த மான் கறியில் மிளகு போட்டு வறுத்ததைச் சாப்பிட்டவன் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

(சட்டம் பற்றி மெயில் அனுப்பப் போகிறவர்களுக்கு: மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. முறையான வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. உரிமம் வாங்க முதலில் ஒரு பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். முடித்தாயிற்று.)

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்தத் துப்பாக்கி?

இந்த ஊரில் இந்தக் கேள்விக்கு பம்ப் ஆக்‌ஷன் என்று சொல்பவர்கள் அதிகம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் இங்கே மான் சுடக்கூடாது. கையால்தான் ஏற்ற வேண்டும். கையால் ஏற்றுவதில் வேகமானது பம்ப். முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே. ரெமிங்டன் 760 என்ற மாடல் 1952ல் வந்து 1981 வரை பத்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் பிறகு 7600. கரண்ட்டே வேண்டாம் என்று வாழும் ஆமிஷ் மக்கள் நிறைந்த மாநிலம் இது, அதனால் இதற்கு "ஆமிஷ் மெஷின் கன்" என்று செல்லப் பெயர் :) பக்கத்தில் வெர்மான்ட் மாநிலத்தில் லாரி பெனாய் என்ற வேட்டைக்காரர் பனியில் தடம் பிடித்தே பெரிய பெரிய மான்களை அடித்துப் பிரபலமானார். அவர் கையில் இருந்ததும் 760தான்.

எல்லோரும் சொல்லும் காரணம் வேகம். முதல் குண்டு தவறினால் கண் இமைக்கும் நேரத்தில் இரண்டாவது. இந்தக் காரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன சீசனில் தாத்தாவின் 760ஐ இரவல் வாங்கிப் போயிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். ஒரு பெட்டை மான் நாற்பது கஜத்தில் மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. சுட்டேன். அது துள்ளி ஓடியது. என் கை யாரையும் கேட்காமல் பம்ப் செய்தது. ஓடுகிற மானின் மேல் இரண்டாவது குண்டு, பிறகு மூன்றாவது. மொத்தம் நாலு செகண்ட் ஆகியிருக்காது. போய்ப் பார்த்தால் இலைகளின் மேல் பச்சையாக ஏதோ கலந்த ரத்தம். அப்படியென்றால் வயிற்றில் பட்டிருக்கிறது. முதல் குண்டா மூன்றாவது குண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருட்டும் வரை தேடினோம். மறுநாள் காலை அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது, கயோட்டி நரிகள் பாதியைத் தின்றிருந்தன. தாத்தா திட்டவில்லை. "மூணு சத்தம் கேட்டப்பவே நெனச்சேன்" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

துப்பாக்கி மேல் பழி போடவில்லை. சுட்டது நான். ஆனால் போல்ட் ஆக்‌ஷனாக இருந்திருந்தால் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கும் நேரத்துக்குள் மான் மறைந்திருக்கும். நானும் முதல் குண்டு எங்கே பட்டது என்று யோசித்திருப்பேன். காயம்பட்ட மான் நின்றால் உடனே இன்னொரு குண்டு போடத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. குத்துமதிப்பாக ஓட்டத்தில் சுடுவது வேறு.

அப்படியானால் போல்ட் வாங்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். நான் இடது கைக்காரன். சின்ன வயதில் பாட்டி சாப்பாட்டு இலையில் இடது கையைத் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றியதோடு சரி, மற்றதெல்லாம் இடதுதான். போல்ட் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடுபவன் ஒவ்வொரு முறையும் கையைத் துப்பாக்கி மேலே தாண்டிக் கொண்டுபோய், முகத்தையும் எடுத்து, மறுபடி முதலிலிருந்து குறி பார்க்க வேண்டும். இடது கைக்காரர்களுக்கான போல்ட் ரைஃபிள் உண்டு, ஆனால் பழைய சாமான் அலமாரியில் அபூர்வம். பம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை. ட்ரிக்கர் கை அசையாது, கன்னம் கட்டையை விட்டு நகராது. வெற்றுத் தோட்டா வலது பக்கம் மூக்குக்கு முன்னால் பறக்கும், பழகிவிடும். லீவர் ஆக்‌ஷனும் இடது கைக்கு ஒத்துவரும், மார்லின் 336ஐ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால் கூர்முனைத் தோட்டா போடுவது ஆபத்து. 760, 7600 இரண்டிலும் நாலு தோட்டா பிடிக்கும் பெட்டி மேகசின், அந்தக் கவலை இல்லை.

தோட்டா அளவில் நான் .308 பக்கம். .30-06 தான் இங்கே குலதெய்வம் மாதிரி, தெரியும். நூறு கஜத்துக்குள் சுடும் காட்டில் இரண்டுக்கும் மானுக்கு வித்தியாசம் தெரியாது, என் தோளுக்குத் தெரிகிறது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு இழுப்பவன் எதை வைத்திருந்தாலும் வயிற்றில்தான் சுடுவான். பதினெட்டரை அங்குலக் குழல் உள்ள கார்பைன் பார்க்க அழகு, ஆனால் சத்தம் காதைக் கிழிக்கும். 22 அங்குலம் போதும்.

புதிதாக வாங்கலாம் என்று கனவு காண வேண்டாம். 1816ல் தொடங்கிய ரெமிங்டன் 2020ல் திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. இலியான் ஊரில் இருந்த பழைய தொழிற்சாலையும் 2024ல் மூடியாயிற்று. பழையதுதான் கதி. பழையதில் முதலில் பார்க்க வேண்டியது சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது கிடைக்கும் நெம்பும் பலம் பம்ப்பில் குறைவு. அந்த அறையில் துருவோ பள்ளமோ இருந்தால் சுட்ட தோட்டா ஒட்டிக்கொண்டு வராது. மழையில் நனைந்த துப்பாக்கியைத் துடைக்காமல் மூலையில் சாத்தி வைத்த புண்ணியவான்கள் நிறைய பேர். இன்னொன்று, மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைக்காதீர்கள், சேம்பரில் ஒன்று இருக்கும். வண்டியில் ஏறும் முன் திறந்து பார்க்க வேண்டும், இங்கே சட்டமும் அதுதான்.

வேகத்தை என்ன செய்வது? அதற்கு நான் வைத்திருக்கும் வைத்தியம் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சேம்பரில் ஒன்று, மேகசினில் ஒன்று. மீதி சட்டைப் பையில், பட்டன் போட்டு. தாத்தாவிடம் சொன்னேன், சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அவர் அப்பாவும் அவருக்கு அப்படித்தான் ஒன்று ஒன்றாக எண்ணிக் கொடுத்தாராம்.

டவுனில் ஒரு கடையில் .308ல் 7600 ஒன்று இருக்கிறது. கட்டையில் கீறல், மேகசின் ஒன்றுதான். வரும் சனிக்கிழமை டார்ச் லைட்டோடு போய் சேம்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.