தொட்டபெட்டாவுக்கு ஒரு தனி டிக்கெட்

“ஊட்டிக்குப் போகணும்னா கார் வேணும், கூட நாலு பேர் வேணும், கையில பத்தாயிரமாவது வேணும்.”

இந்தப் பேச்சு கேட்காத கோடை விடுமுறை நம் வீடுகளில் இல்லை. காருக்கு ஆள் சேர்ந்தால் அவருக்கு லீவு கிடைக்காது. அவருக்கு லீவு கிடைத்தால் பிள்ளைக்குப் பரீட்சை. பிள்ளைக்கும் லீவு என்றால் ஊரில் ஒரு கல்யாணம். இப்படியே தள்ளிப்போட்டு, ஐம்பது வயதிலும் ஊட்டியை சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள் நம்மிடையே நிறைய பேர். மூன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோவையிலேயே அப்படிப்பட்டவர்கள் உண்டு.

இந்த வாரம் அவர்களுக்காக. தொட்டபெட்டா சிகரத்துக்குத் தனியாக, அரசு பஸ்ஸில், குறைந்த செலவில் போய்வர முடியும். சொல்லப்போனால், அந்தச் சிகரத்துக்குத் தனியாகப் போகிறவருக்குத்தான் வசதி அதிகம்.

தொட்டபெட்டா என்றால் படுகர் மொழியிலும் கன்னடத்திலும் ‘பெரிய மலை’. உயரம் 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. ஆனால் மலையேற்றப் பயிற்சியோ கயிறோ எதுவும் வேண்டாம், உச்சி வரை தார்ச்சாலை இருக்கிறது. ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் தூரம்தான்.

ஏறுவதற்கு பஸ், இறங்குவதற்கு ரயில்

ஊட்டி என்றதும் எல்லோருக்கும் மலை ரயில் ஞாபகம் வரும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் ஓட ஆரம்பித்த ரயில். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆசை இருந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் ரயில், 46 கிலோமீட்டரை ஏறி ஊட்டி சேரும்போது நண்பகல் ஆகிவிடும். சிகரம் பார்க்க அது தோதான நேரம் இல்லை. அதனால் ஏறும்போது பஸ், இறங்கும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுவது நல்லது. ரயிலில் முழுத் தூரமும் போக வேண்டும் என்பதுகூட இல்லை. ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் போனாலும் கேத்திப் பள்ளத்தாக்கும் தேயிலைத் தோட்டங்களும் ஜன்னலிலேயே வந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். கோவையில் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பஸ் ஸ்டாண்டிலிருந்து விடியற்காலையிலேயே ஊட்டி பஸ் கிடைக்கும். ஐந்து மணிக்கு ஏறினால் எட்டரை வாக்கில் ஊட்டியில் இறங்கலாம்.

பஸ்ஸில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் 2024-ல் மலைப்பகுதிக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஊட்டியிலிருந்து பக்கத்து ஊர்களுக்குப் போகும் சாதாரணக் கட்டண பஸ்களில் அது செல்லும். ஏறும்போது கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று கிலோமீட்டர்

ஊட்டியில் கோத்தகிரி பஸ் ஏறி, ‘தொட்டபெட்டா ஜங்ஷன்’ என்று சொல்லி இறங்க வேண்டும். அங்கிருந்து உச்சி சுமார் மூன்று கிலோமீட்டர். தனியாகப் போகிறவரின் பர்ஸ் கரைகிற இடம் இதுதான். வாடகை வண்டிக்கு ஒருவரானாலும் ஐந்து பேரானாலும் ஒரே கட்டணம்தான். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வண்டி பேசிக்கொண்டிருக்கும் வேறு குடும்பத்திடம், “நானும் பங்கு கொடுக்கிறேன், ஏறிக்கலாமா?” என்று கேட்பது. நம் ஊரில் இதற்கு முகம் சுளிக்கிறவர்கள் குறைவு. இன்னொன்று, நடப்பது. மெதுவாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். உயரம் காரணமாக மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம். ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவர்கள் நடக்க வேண்டாம்.

நடப்பதற்கு முன் வனத்துறை செக்போஸ்ட்டில் அவசியம் கேளுங்கள். இரு பக்கமும் காடு, காட்டெருமை நடமாடும் இடம். பார்க்கச் சாதுவாக நின்றாலும் அதன் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கக் கூடாது. விலங்கு நடமாட்டம், சாலைப் பணி என்று சிகரத்தைச் சில நாட்கள் மூடுவதும் உண்டு. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேண்டாம்தான்.

மேலே நுழைவுக்கும், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தொலைநோக்கி இல்லத்துக்கும் சிறு கட்டணம் உண்டு. தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஸ்வெட்டர் கட்டாயம். மேட்டுப்பாளையத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசமே 2,300 மீட்டருக்குப் பக்கம். கீழே வியர்க்கும்போது மேலே பதினான்கு, பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். மதியத்துக்கு இட்லியோ தயிர் சாதமோ டப்பாவில் கட்டிக்கொண்டால், கையிலிருக்கும் காசு சூடான டீக்கும் ஊட்டி வர்க்கிக்கும் மிஞ்சும்.

மூடுபனி விலகும் வரை

இவ்வளவும் செய்து மேலே போனால், எதிரே வெள்ளைத் துணி கட்டியதுபோல மூடுபனி நிற்கலாம். தொட்டபெட்டாவில் இது சகஜம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலே எழும். உச்சிக்கு வருவதற்குள் குளிர்ந்து மேகமாகிவிடும். அதனால்தான் காலையில் தெரிகிற ஊர், மதியம் காணாமல் போகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாய்ப்பு குறைவு.

இங்கேதான் தனியாக வந்தவருக்கு யோகம். காரில் வந்த குடும்பத்துக்கு டிரைவர் அரை மணி நேரம்தான் கொடுத்திருப்பார். அடுத்து படகு இல்லம், அதற்கடுத்து பூங்கா. பனி மூடியிருந்தால், “ஒண்ணும் தெரியல, வாங்க போகலாம்” என்று இறங்கிவிடுவார்கள். நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஒரு ஓரமாக உட்காருங்கள். 1847-48-லேயே இதே மலையில் ஒரு பங்களாவில் இருந்துகொண்டு காற்றையும் மழையையும் வெப்பத்தையும் குறித்துவைத்திருக்கிறார்கள். நமக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். காற்று ஒரு பக்கம் திரும்பினால் திரை விலகும். ஊட்டியின் கூரைகள், கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறி வயல்கள், குன்னூர்ப் பக்கத்து மலைகள் எல்லாம் ஐந்து நிமிடம் தெரியும், மறுபடி மூடும். விலகாமலே போகிற நாளும் உண்டு. கையில் காசு குறைவு, நேரம் அதிகம் என்பவருக்குச் சாதகமான சுற்றுலாத் தலங்கள் குறைவு. தொட்டபெட்டா அதில் ஒன்று.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். சில விஷயங்களில் மட்டும் கறாராக இருங்கள். சனி, ஞாயிறும் மே மாதமும் வேண்டாம். அதேசமயம் ஆளே இல்லாத நேரத்தில் காட்டுச்சாலையில் நடக்கவும் வேண்டாம். ஜங்ஷனில் இறங்கியதும், உச்சியிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு ஒரு போன். மூன்று மணிக்குள் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். கடைசி பஸ் நேரத்தை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே போன் செய்து, “நான் ஒருத்திதான் வர்றேன்” என்று சொல்லியே அறை எடுங்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜுகள் இன்னும் இருக்கின்றன. அதை ராத்திரி எட்டு மணிக்கு, குளிரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டாம். ஆத்திர அவசரத்துக்கு 181, 112 எண்கள் போனில் இருக்கட்டும்.

பள்ளிக்கூடம், ஆபீஸ், சமையல் என்று எல்லோருடைய நேரத்துக்கும் ஓடி ஓடிப் பழகியவர்களுக்கு, யாரும் அவசரப்படுத்தாத ஒரு காலைப் பொழுது எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காரும் துணையும் சேரட்டும் என்று காத்திருந்தது போதும். அடுத்த மாதக் காலண்டரில் ஒரு செவ்வாயையோ புதனையோ வட்டமிட்டு வையுங்கள். முதல் பஸ்ஸுக்கு ஒரே ஒரு டிக்கெட் போதும்.