தொடாமலே தாக்கும் மின்சாரம்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. சேற்றில் நின்று அவற்றை நிமிர்த்தி ஊருக்கு வெளிச்சம் தந்தவர்கள் தொழிலாளர்கள்.

இப்படிப்பட்ட வேலையில் ஒரு தோழர் ஷாக் அடித்து விழுந்தால், "கரண்ட்டை நிறுத்தித்தான் இருந்தோம், அவர் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் கணக்கை முடிப்பது எளிது. ஆனால் தோழர்களே, நிறுத்திய கம்பியிலும் மின்சாரம் பிறக்கும்! இது மாயமல்ல, விஞ்ஞானம்.

1831-ல் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்தவர் மைக்கேல் பாரடே. கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். காந்தப் புலம் மாறிக்கொண்டே இருந்தால், அருகிலுள்ள உலோகத்தில் தொடாமலே மின்சாரம் எழும் என்று அவர் காட்டினார். மேட்டூரில் காவிரித் தண்ணீர் டர்பைனைச் சுழற்றும்போது மின்சாரம் பிறப்பது இந்த விதியால்தான். வயலில் பம்புசெட்டும், ஆலையில் மோட்டாரும் ஓடுவதும் இதனால்தான். அந்த மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு எந்த வயரும் போவதில்லை. சுற்றியுள்ள சுருளின் காந்தம் மாற மாற, அதில் மின்சாரம் தானே எழுந்து அதைச் சுழற்றுகிறது.

நமக்குச் சோறு போடும் இந்த விதியே, அஜாக்கிரதையாக இருந்தால் உயிரையும் பறிக்கும். நமது லைன்களில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் கூடவே மாறுகிறது. கரண்ட் ஓடும் உயர் அழுத்த லைனுக்குப் பக்கத்தில் வெகுதூரம் இணையாகப் போகும் 'நிறுத்திய' லைனில், ஆளைக் கொல்லும் அளவுக்கு மின் அழுத்தம் ஏறக்கூடும். அதன் அடியில் நீளும் கம்பிவேலியும் ஷாக் அடிக்கலாம்.

பரிகாரம் இல்லாமலில்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரண்ட் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் லைனை எர்த் செய்ய வேண்டும். லைனுக்கு அடியிலுள்ள வேலிகளையும் எர்த் செய்ய வேண்டும்.

எர்த் கம்பியும் கையுறையும் பயிற்சியும் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் கட்டாயம் வேண்டும். காந்தத்துக்கு நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதம் தெரியாது.

"லைன் ஆஃப் ஆகிவிட்டது, ஏறு" என்று யார் சொன்னாலும், ஏறும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "எர்த் போட்டாயிற்றா?"