காணாமல் குத்துவதோ?

கல்லீரலுக்குள் ஊசி செலுத்துவது எளிய செயலன்று. குருதி நிறைந்த உறுப்பு அது. கட்டி ஓரிடத்திருக்க, ஊசி வேறிடத்திற் புகுமாயின், எடுத்த துணுக்கு பொய்யுரைக்கும். நோயரோ நோயில்லை என்று நம்பி வீடு திரும்புவார். அத்தவற்றின் விலை காசன்று, உயிர்!

மீயொலிக் கருவி கட்டியைக் காட்டாதா எனின், காட்டும், எப்போதும் காட்டாது. தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில் சிறு கட்டி சுற்றுப்புறத்தோடு ஒன்றிக் கண்ணுக்குத் தப்பும். அக்குறையைப் போக்க வந்தவையே நுண்குமிழிகள். மெல்லிய தோலுக்குள் வளியடைத்த இக்குமிழிகளைக் கையின் குருதிக்குழாயில் ஏற்றுவர். அவை குருதியோடு ஓடி, மீயொலி படுந்தோறும் அதிர்ந்து வலிய எதிரொலி எழுப்பும். கல்லீரல் தன் குருதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் குடலினின்று வரும் பெருங்குழாயாற் பெறுகிறது. கல்லீரற்புற்றோ, நெஞ்சாங்குலைக் குருதியை நேரே கொணரும் குழாயையே பெரிதும் உறிஞ்சி வளர்கிறது. ஆகவே பெரும்பாலும் அது முந்தி ஒளிர்ந்து, பின்னர் மங்கும். ஊசி சேரவேண்டிய உயிருள்ள பகுதியும், குருதியற்றுப் பட்டுப்போன பகுதியும் தனித்தனியே தோன்றும்.

சூட்டினால் கட்டியைக் கருக்கும் மருத்துவத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. கருகிய இடத்திற் குருதி ஓடாது; ஒளியும் எழாது. சூட்டில் எழுந்த ஆவி அடங்கியபின் நோக்குங்கால், ஓரத்தில் ஒரு கீற்று ஒளிர்ந்தால், புற்று எஞ்சியிருக்கிறதென ஐயுறலாம். நோயர் கிடக்கும் கிடக்கையிலேயே, அன்றே, மீண்டும் சுடலாம். திங்கள் கழித்து வேறு படமெடுத்து, மறுபடி அழைத்து அலைக்கழிக்கும் நிலை குறையும்.

இதில் ஊடுகதிர் இல்லை. வளி சில மணித்துளிகளில் மூச்சோடு வெளியேறும்; சிறுநீரகத்திற்குச் சுமையில்லை. அரிதாக ஒவ்வாமை நேரும் என்பதையும், மிக ஆழத்திலும் குடல்வளி மறைக்கும் இடத்திலும் படம் தெளியாது என்பதையும் மறைக்க வேண்டா. எம்முறைக்குத்தான் எல்லையில்லை?

ஐரோப்பாவில் 2001இல் இசைவு பெற்ற குமிழி மருந்து, அமெரிக்காவிற் கல்லீரலுக்கென இசைவு பெற்றது 2016இல்! 15 ஆண்டுக் காலத்தாழ்வு அது. இனியும் தாழ்த்தல் முறையன்று. கல்லீரலுக்குள் ஊசி செலுத்தும் மருத்துவமனை ஒவ்வொன்றும் இம்முறையைக் கைக்கொள்ளல் வேண்டும். மருந்தை வாங்கிவைத்தால் மட்டும் போதாது. மருத்துவரின் கையும் கண்ணும் பழகவேண்டும்.

காணாமற் குத்துவது துணிவன்று. காண வழியிருந்தும் காணாது குத்துவது கடமை தவறுதலே!