புதிய மூட்டும் உறங்காத இரவுகளும்



இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் சொல்லும் முதல் குறை நடையைப் பற்றியதல்ல; இராத்திரியைப் பற்றியது. பகலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சில அடிகள் நடந்துவிடுகிறார்கள். விளக்கை அணைத்த பின்போ, மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணியபடியே விழித்துக் கிடக்கிறார்கள். "ஆபரேஷன் நன்றாகத்தானே முடிந்தது, பின்பு ஏன் இந்த வேதனை?" என்று அவர்களும், அவர்களோடு விழித்திருக்கும் குடும்பத்தாரும் கலங்குகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான காரியமல்ல. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த கன்னியாகுமரிப் பகுதியிலிருந்து இன்றும் அநேகர் பெரிய சிகிச்சைகளுக்காக இங்கே வருகிறார்கள். 1951-ல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வளாகத்தில் தமிழ்ப் பேச்சு கேளாத நாள் இராது. மருத்துவமனையில் செவிலியர் உண்டு, அழைப்புமணி உண்டு. சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்படும்போது வாடகை வீடும், குறுகிய அறையும், வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைகளுமே மிஞ்சுகிறார்கள். உறவினர் அருகில் இல்லாத பட்டணத்து வீட்டில் அந்த முதல் சில வாரங்களை எப்படிக் கடப்பது?

உறக்கம் ஏன் விலகுகிறது?

தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி, இடுப்பு எலும்பின் கிண்ணத்திற்குள் சுழல்வதே இம்மூட்டு. 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர், உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் பொருத்தி, இன்றைய சிகிச்சைக்கு அஸ்திபாரமிட்டார். பொருத்துவதற்குத் தசைகளை விலக்கி, எலும்பை அறுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காயத்தை ஆற்றுவதற்காகச் சரீரம் எழுப்பும் வீக்கமும் அழற்சியும் முதல் இரவுகளில் ஆழ்ந்த உறக்கத்தைக் குலைத்துவிடுகின்றன. கடுமையான வலிநிவாரணிகள் மயக்கம் தருமேயன்றி நல்ல உறக்கம் தருவதில்லை. பக்கவாட்டில் புரண்டு பழகியவர் மல்லாந்தே கிடக்க நேர்கிறது. பகலெல்லாம் கண் அயர்வதால் இரவில் உறக்கம் வருவதில்லை. இவற்றோடு, "புரண்டால் மூட்டு விலகிவிடுமோ" என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே இந்தத் தூக்கமின்மை சிகிச்சை தோற்றதின் அடையாளமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் இது படிப்படியாகக் குறைந்துவிடும்.

1. வலியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமல்ல

"மாத்திரை வேண்டாம், சகித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுகிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. நடுஇரவில் வலி முற்றிய பின் மாத்திரையைத் தேடினால், அது வேலை செய்வதற்குள் பாதி இரவு போய்விடும். மருத்துவர் குறித்துத் தந்த மாத்திரைகளில் இரவு வேளைக்குரியதைப் படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் பையை 15 அல்லது 20 நிமிடம் வைப்பதும் வீக்கத்தைத் தணிக்கும்.

வலியைத் தணிப்பது நோயாளியின் உரிமை என்று வற்புறுத்திவரும் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், 2003-ல் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கி நடத்தியது இதே நகரத்தில்தான். தீராத நோயாளிகளுக்காக எழுந்த அந்தக் குரல், ஆறிவரும் நோயாளிகளாகிய நமக்கும் பாடமாயிருக்கிறது. வலியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் நீங்களாக வேறு வலி மாத்திரை வாங்காதிருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குச் சில மாத்திரைகள் இரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். காய்ச்சல் மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒன்றாகவே இருக்கக்கூடும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். உபவாசமிருக்கும் வழக்கமுள்ளவர்கள், மருந்து முடியும்வரை மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்யவேண்டாம்.

2. படுக்கையை ஒழுங்குபடுத்துங்கள்

தரையில் பாய் விரித்துப் படுப்பதை இக்காலத்தில் முற்றிலும் தவிர்க்க வேண்டும். கட்டில் தாழ்வாயிருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டைகள் வைத்து உயர்த்துங்கள். ஓரத்தில் உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். முதல் வாரங்களில் மல்லாந்து, இரு கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுப்பதே பொதுவான ஆலோசனை. கால்மேல் கால் போடுவதும், அறுவைச் சிகிச்சை செய்த காலை உட்புறமாகத் திருப்புவதும், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும் மூட்டை விலகச் செய்யக்கூடும். மருத்துவர் அனுமதித்த பின், நலமான பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்கள் முதல் கணுக்கால் வரை தலையணை தாங்கும்படி படுக்கலாம். எந்த வழியாக மூட்டைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டுப்பாடுகள் மாறும். ஆகையால் அடுத்த வீட்டாருக்குச் சொன்னதை அல்ல, உங்களுக்குச் சொன்னதையே பின்பற்றுங்கள்.

3. பகலைப் பகலாக்குங்கள்

காலை வெளிச்சத்தில் வாசலிலோ சன்னலருகிலோ உயரமான நாற்காலியில் அமருங்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியையும் நடையையும் பகலிலேயே முடித்துவிடுங்கள். பகல் உறக்கம் அரை மணி நேரத்திற்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன் முடியட்டும். மாலைத் தேநீரையும் காபியையும் விட்டுவிடுவது நல்லது. படுத்து இருபது நிமிடம் போலக் கழிந்தும் உறக்கம் வராவிட்டால், மணியைப் பார்த்துக்கொண்டே கிடவாமல், துணையோடு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள்.

4. நடுஇரவில் எழும்போது

விழுவதே இக்காலத்தின் பெரிய ஆபத்து. ஜூன் மாத மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் நகரத்தில் தரை ஈரமாயிருக்கும்; மின்சாரமும் திடீரென நின்றுபோகும். கைக்கெட்டும் தூரத்தில் டார்ச் விளக்கும், வாக்கரும், அழைக்க ஒரு மணியும் இருக்கட்டும். வழியிலுள்ள மிதியடியை எடுத்துவிடுங்கள். கொசுவலையின் ஓரம் காலில் சிக்காதபடி மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கழிப்பறை தூரமாயிருந்தால் இரவுக்கு மட்டும் ஒரு கமோடு நாற்காலியைக் கட்டிலருகில் வைப்பதில் வெட்கமில்லை.

5. தூக்க மாத்திரை வேண்டுமா?

மருத்துவர் தராமல் வேண்டாம். முதியவர்களுக்கு அது தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும். கடுமையான வலிநிவாரணியோடு சேர்ந்தால் சுவாசமே மந்தமாகிவிடக்கூடும். சளி மருந்தைத் தூக்கத்திற்காகக் குடிப்பதும் இதே ஆபத்துள்ளது. உறக்கத்தில் பலத்த குறட்டையும் மூச்சடைப்பும் உள்ளவர்கள் அதை அவசியம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய வேளை

எல்லா இராத்திரி வேதனையும் சாதாரணமானதல்ல. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, காய்ச்சலோடு காயத்தில் சிவப்பும் நீர்க்கசிவும், திடீரென்று கடும் வலி எடுத்துக் கால் குட்டையாகி அல்லது திரும்பிக் காணப்படுதல், இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராதிருங்கள்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

சுகமில்லாதவரைக் காணச் செல்வது நல்லது. ஆனால் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் கூட்டமாகச் சென்று, பாடி ஜெபித்துத் திரும்பும்போது, அவருடைய உறங்கும் வேளை கடந்திருக்கும். மாலையில் செல்லுங்கள், சுருக்கமாக ஜெபியுங்கள். அவருக்காக விழித்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ ஒரு பகல்வேளை ஓய்வு கொடுங்கள்; உடனிருந்து கவனிக்க ஒருவர் போனால் அதுவே பெரிய ஊழியம். ஆராதனையில் அவர் தரையில் அமராமலும் முழங்காற்படியிடாமலும் இருந்தால் வித்தியாசமாகப் பாராதிருங்கள். உயரமான நாற்காலி ஒன்றை அவருக்கு முன்பே போட்டுவையுங்கள்.

தொடைச்சந்து சுளுக்கிய யாக்கோபின் சரித்திரம் நமக்குத் தெரிந்ததே. அவனும் அந்த இரவு முழுவதும் உறங்கவில்லை. பொழுது விடிந்தபோது நொண்டிக்கொண்டேதான் நடந்தான், ஆனாலும் நடந்தான். இன்று வாக்கரைப் பிடித்து நடக்கிறவர்களே, உறங்காத இரவுகளுக்கு ஓர் எல்லை உண்டு. அதுவரை மாத்திரையை நேரத்தில் எடுங்கள், தலையணையைச் சரியாக வையுங்கள், தனியாக எழும்பாதிருங்கள்.